மணலில் ஓடிய இஞ்சின்

படகைக் கடலில் இறக்குவதற்கு முன் அதற்குப் பந்தல் போட்டார்கள். தென்னோலைப் பந்தல், நிறக் கடதாசித் தோரணம், வெள்ளை விரித்த மேசை, மெத்தை வைத்த நாலு கதிரை. படகோ கடலிலிருந்து முப்பது பாகம், அதாவது முப்பது ஆள் கைவிரித்த தூரம், தள்ளி, மணலில் இரண்டு பனங்குற்றிகளின் மேல், பெண்பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் இருத்திவிட்ட குமரைப்போல அசையாமல் இருந்தது.

சாலிஹ் அதன் வயிற்றுக்குள் குந்தியிருந்து இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் அழுக்கு ஒன்றுமில்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் அது போய் யாருடைய கழுத்தையாவது பிடித்துவிடும் என்ற பயத்தில் துடைத்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்து, பங்குனி. கல்முனைக்குத் தெற்கே பள்ளியடித்துறை மீனவர் சங்கத்துக்கு மீன்பிடி இலாகா கொடுத்த முதல் இஞ்சின் படகு அது. ஒற்றைச் சிலிண்டர் டீசல். காற்று விழுந்த நாளில் பாயை நம்பியிருந்தவன் கரையில் கிடந்து கொட்டாவி விட, இந்தப் படகு அறுபது பாக ஆழத்துக்குப் போய், மீன் செத்துக் கண் வெளுக்குமுன் கரைக்குத் திரும்பிவிடும். நாற்பது குடும்பம் அதை நம்பி வலை முடிந்து வைத்திருந்தது. வாடைக்காற்று தொடங்க இன்னும் ஏழு மாதம். அதற்குள் உழைத்தால் உண்டு.

சாலிஹ் சம்மாந்துறை நெல்லு மில் ஒன்றில் பதினாலு வருஷம் இஞ்சின் ஓட்டியவன். சங்கம் அவனைத் தெரிவுசெய்து நீர்கொழும்புக்கு அனுப்பியது. மூன்று மாதம் படித்து, கடல் இஞ்சின் சாரதி என்ற பத்திரத்தோடு திரும்பினான். அந்தக் கரையில் அப்படியொரு பத்திரம் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதை அவன் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. பெட்டிக்குள் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தான்.

சங்கத்தின் தலைவர் ஸைனுலாப்தீன் போடியார். நூற்றைம்பது ஏக்கர் வயலும் ஒரு நெல்லு மில்லும் உள்ளவர். கடலோடு அவருக்கிருந்த தொடர்பு சோற்றுக்கு ஊற்றும் மீன் ஆணம் ஒன்றுதான். ஆறு வருஷத்துக்கு முன், இலாகாவுக்குப் போகும் விண்ணப்பத்தில் அழகாகக் கையெழுத்து வைக்க ஒருவர் வேண்டுமென்று மீனவர்கள் அவரிடம் போனார்கள். வைத்தார். வைத்த கையை அதன்பிறகு எடுக்கவே இல்லை.

போடியார் இப்போது படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் துருக்கித் தொப்பி, தோளில் சால்வை, முகத்தில் கலியாண வீட்டுக் களை.

"சாலிஹ், பெரிய தொர கார்ல இருந்து இறங்கினோடன இஞ்சின் பேசோணும். விளங்கினா?"

"போடியார், இது கடலுக்க இறங்கினாத்தான் பேசும்."

"எண்ணெய் இருந்தா எந்த இஞ்சினும் பேசும்டா. எனக்கே இஞ்சின் படிப்பிக்கிறியா? என்ட மில்லில எத்தின வருசமா ஓடுது!"

"உங்கட மில்லுக்குப் பக்கத்தில சீமெந்துத் தொட்டி கட்டித் தண்ணி நிரப்பி வெச்சிரிக்கி. அந்தத் தண்ணிதான் சூட்டக் குடிக்கிற. இதுக்குத் தொட்டி இந்தக் கடல். அடியில இரிக்கிற ஓட்டையால உப்புத்தண்ணிய உறிஞ்சி, சிலிண்டரச் சுத்தி அனுப்பி, வெளிய துப்பும். மணல்ல வெச்சு ஓட்டினா எதக் குடிக்கும்? மணலையா?"

"அப்ப கடல இஞ்ச கொண்டு வரச் சொல்றியா?"

போடியாரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போடியார் பேசி முடித்ததும் சிரிப்பதா, தலையாட்டுவதா என்று அவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது.

"படக அங்க கொண்டு போகச் சொல்றன்" என்றான் சாலிஹ்.

"தொரட சப்பாத்து நனையும்."

அதோடு விவாதம் முடிந்தது. நாற்பது குடும்பத்தின் சோறு ஒரு தட்டில், ஒரு சோடிச் சப்பாத்து மறுதட்டில். தராசு சப்பாத்துப் பக்கம் சரிந்தது. சப்பாத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கண்டால் போடியாருக்குத் தலைசுற்றும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம்.

"ரெண்டு நிமிசம்" என்றான் சாலிஹ், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு சத்தம் காட்டிட்டு நிப்பாட்டிருவன். அதுக்கு மேல ஓடினா பிஸ்டன் இறுகிரும்."

"சரி, சரி."

ஒரு 'சரி' சொன்னால் சம்மதம். இரண்டு சொன்னால், முதலாவதை இரண்டாவது தின்றுவிட்டது என்று அர்த்தம். பதினாலு வருஷம் போடிமாரிடம் வேலை செய்தும் சாலிஹுக்கு அது அன்று மறந்துபோனது.

பத்து மணிக்கு வரவேண்டிய கொழும்புத் துரை பன்னிரண்டு மணிக்கு வந்தார். சாலிஹ் கைபிடியைச் சுழற்றினான். இஞ்சின் இரண்டு தரம் இருமி, மூன்றாந்தரம் பிடித்துக்கொண்டது. டுக் டுக் டுக் என்று அந்தக் கரையில் அதுவரை கேளாத சத்தம். பிள்ளைகள் கத்தினார்கள். பெண்கள் வேலிக்குப் பின்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சாலிஹுக்கும் அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துதான் போனது. பொய் சொல்லக் கூடாது.

பள்ளிவாசல் லெப்பை பாத்திஹா ஓதினார். சாலிஹ் இஞ்சினை நிறுத்தக் கையை நீட்டினான்.

"தொடாத!" என்று போடியாரின் மில் கணக்கப்பிள்ளை படகின் விளிம்பில் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "ஓதத் தொடங்கியாச்சி! துஆ முடியுமட்டும் நிப்பாட்டக் கூடா. பறக்கத்துப் போயிரும்!"

சம்மாந்துறைப் பக்கம் புது மில் திறந்தால் அப்படியொரு வழக்கம் உண்டு. இஞ்சினை ஓடவிட்டு ஓதத் தொடங்கினால், கடைசியில் கையேந்தித் துஆ கேட்டு முடியும்வரை அதை நிறுத்துவதில்லை. நடுவில் நின்றால் பறக்கத்து என்ற இறையருள் போய்விடும், அந்த மில்லில் அரிசி தங்காது என்பார்கள். மில்லுக்கு அதனால் கேடில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், துஆவும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் இங்கே ஓதலுக்கும் துஆவுக்கும் நடுவில் போடியார் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று நாலு உரையைச் செருகியிருந்தார்.

லெப்பையே திரும்பி, "நிப்பாட்டினா ஒண்டும் இல்ல தம்பிமாரே, இப்பிடி ஒரு சட்டம் கித்தாபில இல்ல" என்றார். அவர் சொன்னது இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பறக்கத்து விஷயத்தில் லெப்பையைவிடக் கணக்கப்பிள்ளைக்கு அதிகம் தெரியும் என்பது போடியாரின் ஆட்சியில் எழுதாத சட்டம்.

வரவேற்புரை முடிந்தது. தலைமையுரைக்குப் போடியார் எழும்பினார். சாலிஹ் தண்ணீர் துப்பவேண்டிய குழாயைப் பார்த்தான். துப்பவில்லை. சிலிண்டரில் விரலை வைத்தான், சுட்டு இழுத்தான். பெயின்ற் பொசுங்கும் மணம் வந்தது.

படகிலிருந்து குதித்து இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினான். நிரப்பிக்கொண்டு திரும்பி ஓடி வந்தவனைப் பந்தலின் ஓரத்தில் இரண்டு பேர் மறித்துப் பிடித்தார்கள். ஒருவன் கணக்கப்பிள்ளை. மற்றவன் சாலிஹின் மனைவி றபீக்காவின் கூடப்பிறந்த அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுபவன், அந்தப் படகிலேயே வலைக்குத் தலைவனாகப் போகவிருந்த மஜீட். நெஞ்சில் 'தொண்டர்' என்று பட்டி குத்தியிருந்தான்.

"மச்சான், பொறு, தொரக்கு மேல தண்ணி தெறிக்கும்."

"விடுடா! அது சாகப் போகுது!"

"தலைவர் பேசி முடியட்டும் மச்சான். நம்மட மானம்."

"உன்ட மானத்த நாளைக்கு வலையில போட்டுப் புடிப்பியாடா?"

மஜீட் அரை மணி போயும் விடவில்லை. வாளித் தண்ணீர் மணலில் சரிந்தது. இஞ்சினின் குரல் மாறுவதைச் சாலிஹ் கேட்டான். டுக் டுக் என்றது தொண்டை கட்டியவன் செருமுவதைப்போல இழுத்து இழுத்து வந்தது. பிறகு இரும்பை இரும்பில் தேய்க்கும் ஒரு கிரீச். படகு முழுவதும் ஒருதரம் உதறியது. அவ்வளவுதான்.

கரை முழுக்க ஒரு பேரமைதி. போடியாரின் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சனம் கைதட்டியது. கொழும்புத் துரையும் தட்டினார். பிறகு புரியாணி தின்றார், சப்பாத்தில் ஒரு துளி ஈரமில்லாமல் காரில் ஏறிப் போனார்.

அன்றைய தலைமையுரை முப்பத்தைந்து நிமிஷம்.

கைபிடி அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது என்பதைச் சாலிஹ் திறந்து பார்க்கத் தேவையில்லை. ஆனால் திறக்கவும் விடவில்லை. அரசாங்கச் சொத்து, விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று இலாகாவிலிருந்து ஒருவன் வந்து இஞ்சின் மூடியில் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனான்.

போடியார் முதலில் கண்ணூறு என்றார். பக்கத்துத் துறைக்காரர் பார்த்த பார்வையாம். தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துப் படகின் முகப்பில் கட்டினார்கள். தேசிக்காய் காய்ந்து சுருங்கியது. பிஸ்டன் அசையவில்லை.

பிறகு இலாகாவிலிருந்து படிவம் வந்தது. பழுதுக்குக் காரணம் என்ன என்று மூன்று கட்டம். முதலாவது, சாரதியின் கவனயீனம். அதில் அடையாளமிட்டுச் சாரதி கையெழுத்து வைத்தால் இலாகா புதுப் பிஸ்டனும் சிலிண்டரும் அனுப்பும். சாரதியின் பத்திரம் ரத்தாகும். இரண்டாவது, சங்கத்தின் தவறான பாவனை. அப்படியானால் சங்கமே திருத்த வேண்டும், இல்லாவிட்டால் படகை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது, இயற்கை அனர்த்தம். கண்ணூறு இதற்குள் அடங்குமா என்று போடியார் ஆள் அனுப்பி விசாரித்தாராம். அடங்காது என்று பதில் வந்ததாம்.

ஆகவே முதலாவது கட்டம். எல்லாருக்கும் நல்லது, ஒருவனைத் தவிர.

படிவத்தைச் சாலிஹின் வீட்டுக்குக் கொண்டு வந்தவன் மஜீட். றபீக்கா தறியில் இருந்தாள். சாரத்துக்கு நெய்துகொண்டிருந்தவள் காக்காவைக் கண்டதும் தறிக் கட்டையை நிறுத்தவில்லை. இன்னும் பலமாக அடித்தாள்.

"மச்சான், ஒரு கையொப்பந்தான்" என்றான் மஜீட், வாசலில் நின்றபடி. "நீ கெட்டிக்காரன். மில்லில வேல கிடைக்கும். போடியாரே தாறன் எண்டு சொல்றாரு."

"நான் கவனயீனமாம். அதுக்கு அவர் மில்லில வேல. அப்ப அவர்ட மில்லில கவனயீனமான ஆள்தான் வேணுமோ?"

"நாப்பது குடும்பம் மச்சான். சீசன் போகுது. நீ ஒராள் பொறுத்தா…"

"நான் பொறுக்கத்தான் வாளியோட ஓடினன். நீதானேடா புடிச்ச?"

மஜீட் காலால் மணலைக் கிளறினான்.

"காக்கா" என்றாள் றபீக்கா, தறியிலிருந்து திரும்பாமலே. "இவரு கையொப்பம் போட்டா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? இஞ்சினச் சாகடிச்ச சாலிஹ் எண்டு சொல்லும். என்ட புள்ளைகளுக்கு அதுதான் பேரு. இஞ்சினச் சாகடிச்சான்ட மகன், இஞ்சினச் சாகடிச்சான்ட மகள். நீங்க வந்து அந்தப் பேரத் துடைப்பீங்களா?"

"புள்ள, நான் என்ன செய்யிற? போடியாருக்கு எதிரா நிண்டா வயல்ல கூலிக்கும் எடுக்க மாட்டாரு, சங்கத்திலயும் வெக்க மாட்டாரு."

"அப்ப எங்கட வீட்டுக்கும் வராதீங்க" என்றாள் றபீக்கா. கட்டை மறுபடி அடித்தது.

படிவம் வாசலில் கிடந்தது. சாலிஹ் அதை எடுத்து நாலாக மடித்து, ஆடும் தறிக்காலுக்கு முட்டுக் கொடுத்தான். அதற்குத்தான் அது சரியான தடிப்பாக இருந்தது.

இப்போது அவனுக்கு இருந்த வழி இரண்டு. கையெழுத்து வைத்தால் படகு ஓடும், அவன் பெயர் செத்துப்போகும். வைக்காவிட்டால் பெயர் இருக்கும்; படகு இந்த மணலிலேயே உக்கும், அல்லது வேறு துறைக்குப் போகும். பிறகு அந்த நாற்பது வீட்டுக்காரரும் அவனைப் பார்க்கும் பார்வை, செய்யாத குற்றத்தைவிடக் கொடியது.

கல்முனையில் உழவு மெசின் திருத்தும் பட்டறை வைத்திருந்த கனகரெத்தினத்திடம் போனான். கனகரெத்தினம் சைக்கிளில் வந்து, முத்திரை வைத்த மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கைபிடியை ஒருதரம் அழுத்தி, காதை வைத்துக் கேட்டார்.

"புதுப் பிஸ்டன் என்னத்துக்குத் தம்பி? சிலிண்டர் வெடிக்கல்ல. சிலிண்டர் ஹெட்டக் கழட்டினா இத நான் பத்து நாளில ஓட்டித் தாறன்."

"முத்திரைய உடைச்சா மறியல்ல போடுவானுவள் அண்ணன்."

"அப்ப முத்திரைய வெச்சவனக் கொண்டே உடைப்பிக்க வேணும்" என்றார் கனகரெத்தினம். "விசாரணையில போய்க் கதைச்சுப் பாரு. கோவத்த வீட்டில வெச்சிட்டுப் போ."

"கோவம் வீட்டில நிக்காது அண்ணன். என்னோடதான் வரும்."

சித்திரை முடியும் வாரத்தில் மட்டக்களப்பிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு பேனை. சங்கக் கட்டடத்தில் போடியார் அவருக்காக முழுக்கோழி பொரித்து வைத்திருந்தார். அதிகாரி வெறுந்தேத்தண்ணி மட்டும் போதும் என்றார். போடியாரின் முகம் முதல்தரம் வாடியது. கோழி தின்னாத அதிகாரியோடு எப்படிப் பேசுவதென்று அவருக்குத் தெரியாது.

"இஞ்சினை மணலில் ஓட்டச் சொன்னது யார்?"

"சாரதிதான் ஓட்டினான்" என்றார் போடியார். "நாங்க எல்லாம் வயல்காரர், கடல்காரர். இஞ்சின் நமக்கென்ன தெரியும்?"

எனக்கே இஞ்சின் படிப்பிக்கிறியா என்று கேட்ட வாய் அது. சாலிஹ் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நான் ரெண்டு நிமிசம் எண்டு சொன்னன் தொர. நிப்பாட்டப் போனன். விடல்ல. தண்ணி ஊத்தப் போனன். புடிச்சாங்க."

"சாட்சி இருக்கிறதா?"

பதினொரு பேர் வரிசையாக வந்தார்கள். பதினொரு பேரும் ஒரே வசனம் சொன்னார்கள். "ஒண்டும் கவனிக்கல்ல தொர. நாங்க தலைவர்ட பேச்சக் கேட்டுக்கொண்டு நிண்டம்." மூன்றாவது ஆள் சொல்லும்போதே நாலாவது ஆளின் உதடு கூடவே அசைந்தது. மதறஸாவில்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பாடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது ஆள் மஜீட். அவன் முன்னால் வரும்போது சாலிஹ் எழும்பிவிட்டான். கனகரெத்தினம் சொன்னது மறந்துவிட்டது.

"தொர! இந்த ஊர்ல ஆறு வருசமா இவரு பேசுறாரு. ஒருத்தனும் ஒருநாளும் கேட்டதில்ல. அண்டைக்கு மட்டும் பதினொரு பேரு காத நீட்டிக் கேட்டிரிக்கானுவள். அப்ப கேளுங்க தொர! அவரு என்ன பேசினவரு எண்டு ஒரு ஆளச் சொல்லச் சொல்லுங்க!"

"இரு, இரு" என்றார் அதிகாரி. ஆனால் அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. கூட்டங்களில் குந்தியிருந்து குந்தியிருந்து சலித்த மனிதராக இருக்க வேண்டும். வரிசையில் நின்ற முதலாமவனைப் பார்த்தார். "சொல்லும், தலைவர் என்ன பேசினார்?"

"கடல்… கடல் பெரிசு எண்டு பேசினவரு தொர."

"பிறகு?"

"பிறகும் கடலப் பத்தித்தான்."

அடுத்தவன், நூஹு நபியின் கப்பலைப் பற்றி என்றான். அதற்கடுத்தவன், உரத்தைப் பற்றி என்றான். ஒருவன் துணிந்து, காலஞ்சென்ற வாப்பாவை நினைத்துத் தலைவர் அழுதார் என்று சொல்லிவிட்டான். போடியாரைப் பெற்ற அந்த வாப்பா அன்று பின்வரிசையில் உயிரோடு குந்தியிருந்து வெற்றிலை போட்டவர்.

"தலைவரே, நீங்களே சொல்லலாமே" என்றார் அதிகாரி.

போடியார் தொண்டையைச் செருமினார். சால்வையைச் சரிசெய்தார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவர் ஒரு வாத்தியார். கடதாசி இப்போது வாத்தியார் வீட்டில். "பொதுவாக… முன்னேற்றத்தைப் பற்றி" என்றார்.

அதிகாரி மஜீடைப் பார்த்தார். "நீர்?"

பொய்க்கு அவன் மூளை பழகியதல்ல. கொடுத்த ஒரு வசனத்தைத்தான் தூக்கி வந்திருந்தான். அது இப்போது கையைவிட்டு நழுவிவிட்டது.

"தொர, அல்லாட மேல ஆண, எனக்கு ஒண்டும் கேக்கல்ல. அந்த இஞ்சின் கிடந்து கத்தின கத்தில பக்கத்தில நிண்டவன்ட பேச்சே கேக்கல்ல."

பேனை நின்றது.

"எவ்வளவு நேரம் கத்தியது?"

"தலைவர் பேச எழும்பினதில இருந்து… அது இறுகிச் சாகுமட்டும்."

மஜீட் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் விளங்கிக்கொண்டவனைப்போல வாயைப் பொத்தினான்.

"அந்த நேரம் சாரதி எங்கே நின்றார்?"

மஜீட் போடியாரைப் பார்த்தான். போடியார் அவனைப் பார்த்த பார்வையில் வயல்கூலி இருந்தது, சங்கம் இருந்தது, வரப்போகும் வாடைக்காலம் முழுவதும் இருந்தது. மஜீட் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"வாளியோட நிண்டாரு தொர. ரெண்டு பேரு அவரப் புடிச்சிக்கொண்டு நிண்டம்."

"நிண்டமா?"

"ஒராள் நான்."

அதிகாரி தன் கோப்பிலிருந்த படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார். சங்கத்தின் தவறான பாவனை. ஒரு மாதத்துக்குள் சங்கம் படகைத் திருத்தி ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது வடக்கே ஒரு துறைக்குப் போகும் என்றார். போடியார் எழும்பி நின்று, இந்த நிமிஷமே பதவியைத் துறக்கிறேன் என்றார். வேண்டாம் என்று யாராவது சொல்வார்களென்று சற்று நேரம் காத்து நின்றார். அதிகாரி பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, ராஜினாமா எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று தானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மறுபடி அதே கதிரையில் குந்தினார்.

"தொர" என்றான் சாலிஹ். "முத்திரைய உடைச்சுத் தாங்க. இப்பவே."

அதிகாரி மணலில் நடந்து வந்தார். அவருடைய சப்பாத்துக்குள் மணல் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சின்னக் கத்தியால் அரக்கைச் சுரண்டி எடுத்தார்.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் தலையில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார்கள். மூன்றாம் நாள் கனகரெத்தினம் வேப்பங்கட்டையை வைத்து, கீழிருந்து மெல்ல மெல்லத் தட்டினார். சாண் அளவு நகர அரை நாள் போனது. வெளியே வந்த பிஸ்டனைப் பார்த்தபோது சாலிஹுக்குக் கண் கலங்கியது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். உடம்பெல்லாம் பூனை பிறாண்டியதுபோல நீளக் கீறல். உருகி ஒட்டிய ஈயநிற உலோகம் சிலிண்டர்ச் சுவரில் பொருக்குப் பொருக்காக நின்றது. முப்பத்தைந்து நிமிஷத் தலைமையுரையும் அங்கே எழுதியிருந்தது. வாத்தியார் எழுதியதைவிடத் தெளிவாக.

கீறலை அரத்தால் தடவி, மண்கடதாசியால் சிலிண்டரை நாள்கணக்காகத் தேய்த்தார்கள். உடைந்த றிங் இரண்டுக்குப் பதிலாக, பழைய உழவு மெசினொன்றின் றிங்கை எடுத்து நுனியை அராவி அளவாக்கினார் கனகரெத்தினம்.

விசாரணையில் ஒன்றும் கவனிக்காத பதினொரு பேரும் இப்போது தினமும் வந்தார்கள். ஒருவன் தேத்தண்ணி கொண்டு வந்தான். ஒருவன் குடை பிடித்தான். "மெய்தான் காக்கா, எங்களுக்கு அண்டைக்கே தெரியும்" என்றான் இன்னொருவன்.

"தெரிஞ்ச வாயில அண்டைக்கு என்ன கிடந்த? புரியாணியா?" என்றான் சாலிஹ். தேத்தண்ணியைக் கனகரெத்தினத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் தொடவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் படகைத் தள்ளினார்கள். பந்தல் இல்லை, கதிரை இல்லை. லெப்பை நெஞ்சளவு தண்ணீரில் நின்று, சாரம் நனைய ஓதி, துஆவையும் அதே மூச்சில் கேட்டு முடித்தார். பிறகுதான் சாலிஹ் கைபிடியைச் சுழற்றினான். இஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. அலையை இரண்டு தரம் ஏறி இறங்கிப் படகு ஆழத்துக்குப் போனது.

கரை ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கியது. மஜீட் வலைக் குவியலின் மேல் குந்தியிருந்தான். வயல்கூலி போய்விட்டது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

"மச்சான், இன்னும் கோவமா?"

"ஓம்."

"நான்தானே கடைசியில உண்மையச் சொன்ன."

"கத்தினது எண்டு சொன்னதும் சாகுமட்டும் எண்டு சொன்னதும் நீ சொன்னதில்லடா" என்றான் சாலிஹ், சுக்கானிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது உன்ட வாயில இருந்து தவறி விழுந்தது. ஒராள் நான் எண்டு சொன்னியே, அது மட்டுந்தான் நீ சொன்ன."

"அது பத்தாதா?"

சாலிஹ் யோசித்தான். இஞ்சின் சீராக அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு மெல்லிய கரகரப்பு இருந்தது. கீறல் விழுந்த பிஸ்டன் இனி ஆயுளுக்கும் அப்படித்தான் ஓடும். அவன் காதுக்கு மட்டும் அது கேட்கும்.

"றபீக்காட்டக் கேளு" என்றான். "எனக்குப் பத்தாது."

மஜீட் தலையை ஆட்டினான். எழும்பி வலையின் தலைக்கயிற்றைக் கையில் எடுத்தான்.

"எத்தின பாகத்தில போடுவம்?"

"அறுபது" என்றான் சாலிஹ். "கதைக்காம போடு."